கிடங்கும் நினைவகமும்: தொடாத பக்கங்களின் வரலாறு

இந்திய ரயில்வே 1960களில் தன் மண்டலத் தலைமையகங்களிலும் உற்பத்திக் கூடங்களிலும் ஐ.பி.எம். 1401 என்ற கணினியைக் கொண்டுவந்து இறக்கியது. பெரம்பூர் ஐ.சி.எஃப். அவற்றில் ஒன்று. ராயபுரத்திலும் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் தெருவுக்கு ஒருத்தராவது ரயில்வேயிலோ ஹார்பரிலோ வேலை பார்த்த காலம் அது. சம்பளப் பட்டியல், சரக்கு இருப்பு, வருவாய்க் கணக்கு — இவற்றுக்காகத்தான் இயந்திரம் வந்தது. அதன் உடம்புக்குள் அடங்கிய நினைவகம் அதிகபட்சம் 4,000 எழுத்து. இந்த இதழில் ஒன்றிரண்டு பக்கம், அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் 1406 என்று எண்ணிட்ட தனிப் பெட்டி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். அதையும் சேர்த்து 16,000 எழுத்து வரை போகலாம். பக்கத்தில் நிறுத்தப்பட்ட அந்தத் தனிப் பெட்டியின் வரலாறுதான் இக்கட்டுரையின் பொருள். அது இன்று வேறு பெயரில், வேறு உடம்பில் திரும்பி வந்திருக்கிறது.

நாம் 'நினைவகம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். இந்தச் சொல் அமெரிக்க வழி வந்தது. வான் நாய்மன் 1945இல் எழுதிய அறிக்கையில் கணினியை மனித நரம்பு மண்டலத்தோடு ஒப்பிட்டு, சேமிக்கும் உறுப்புக்கு ஞாபகம் என்கிற பொருளில் பெயர் வைத்தார். பிரிட்டிஷ்காரர்கள் நெடுங்காலம் அப்படிச் சொல்லவில்லை. மான்செஸ்டரில் அதற்குப் பெயர் 'ஸ்டோர்'. அதைத் தமிழாக்கியிருந்தால் 'கிடங்கு' என்றிருப்போம். ராயபுரத்து ஆளுக்கு அது சட்டென்று பிடிபட்டிருக்கும். கிடங்கு என்ற நம் சொல்தான் மலாய் வழியாகப் போய் 'கோடவுன்' ஆகித் திரும்பி வந்தது என்று சொல்கிறவர்கள்கூட உண்டு. சொல் விஷயத்தை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 'நினைவு' என்றதும் அது ஏதோ மனம் சார்ந்தது, தானாக நடப்பது என்ற மயக்கம் வந்துவிடுகிறது. 'கிடங்கு' என்றால் முதல் கேள்வியே வேறு: சாவி யாரிடம்? எந்த மூட்டை வாசலுக்குப் பக்கத்தில், எது உள்ளே கடைசியில்? யார் அப்படி அடுக்கச் சொன்னது?

1401இல் இந்தக் கேள்விக்குப் பதில் எளிது. நிரல் எழுதியவரே தீர்மானித்தார். இன்று நாம் புரிந்துகொள்கிற அர்த்தத்தில் ஆபரேட்டிங் சிஸ்டம் அதில் இல்லை. 4,000 இடத்தில் எந்த எண்ணில் சம்பளம், எந்த எண்ணில் பிடித்தம், எங்கே நிரல் — எல்லாம் தாளில் பெட்டி பெட்டியாக வரைந்து வைத்துக்கொண்டு எழுதினார்கள். துளையிட்ட அட்டை ஒன்று உள்ளே போகும், அந்தத் தொழிலாளியின் கணக்கு முடியும், அச்சாகும், அடுத்த அட்டை அதே இடத்தில் வந்து உட்காரும். ஆக இயந்திரத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு தொழிலாளியைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும். அதுவும் ரோமன் பெரிய எழுத்தில். ஓர் எழுத்துக்கு ஆறு பிட், மொத்தம் 64 குறிகள். தமிழுக்கு அதில் இடமே கிடையாது. ஆண்டைக் குறிக்க நான்கு இலக்கத்துக்குப் பதில் இரண்டு இலக்கம் போதும் என்று மிச்சம் பிடிக்கிற பழக்கமும் இந்த மாதிரி இயந்திரங்களில்தான் வேரூன்றியது. அப்படி மிச்சம் பிடித்த இரண்டு எழுத்தைத் திருத்துகிற வேலை 1990களின் கடைசியில் இந்திய மென்பொருள் நிறுவனங்களுக்குப் பெரும் வியாபாரமாக வந்து சேர்ந்தது. இடநெருக்கடி ஒரு தலைமுறைக்குப் பிறகும் சம்பளம் கொடுத்தது, வேறு ஆட்களுக்கு.

அந்த நினைவகம் எதனால் ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடுகளவு காந்த வளையங்கள். அவற்றின் ஊடே தலைமுடி போன்ற கம்பிகள் கோக்கப்பட்டிருக்கும். ஒரு வளையம் ஒரு பிட். கோத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். நிலாவுக்குப் போன அப்பல்லோ விண்கலத்தின் கணினிக்கு நிரலையே கம்பியாக நெய்து வைத்தார்கள். வால்தம் ஊரில் ரேதியான் ஆலையில் அதை நெய்த பெண்களை வைத்து, அந்த நினைவகத்துக்குப் பொறியாளர்கள் 'கிழவி நினைவகம்' என்ற அர்த்தத்தில் ஒரு செல்லப்பெயரே வைத்திருந்தார்கள். செல்லமா, கேலியா என்பது சொன்னவரைப் பொறுத்தது. மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் 1960இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணினிக்கும் இந்த வளைய நினைவகம்தான் — 2,048 சொல், சொல்லுக்கு 40 பிட். இங்கேயே கட்டப்பட்டது.

*

1962 டிசம்பரில் மான்செஸ்டரில் அட்லஸ் என்ற கணினி திறந்து வைக்கப்பட்டது. டாம் கில்பர்னும் அவருடைய குழுவினரும் செய்த காரியம், கிடங்கின் சாவியை நிரலாளர் கையிலிருந்து வாங்கியது. அட்லஸில் வளைய நினைவகம் 16,000 சொற்களுக்குக் கொஞ்சம் மேல். சுழலும் காந்த உருளையில் அதைப்போல ஆறு மடங்கு. முதலாவது வேகமானது, விலை அதிகம். இரண்டாவது மலிவு, ஆனால் ஆயிரம் மடங்குக்கு மேல் மெதுவானது. அதுவரை இரண்டுக்கும் நடுவே தூக்கிப் போடுவதும் எடுப்பதும் நிரலாளர் வேலை. கில்பர்ன் குழு நினைவகம் முழுவதையும் 512 சொல் கொண்ட பக்கங்களாக வெட்டியது. நிரலாளருக்கு எல்லாம் ஒரே கிடங்காகத் தெரியும். உள்ளே எந்தப் பக்கம் வளையத்தில், எது உருளையில் என்பதை மேற்பார்வை நிரல் பார்த்துக்கொள்ளும். மெய்நிகர் நினைவகம் என்று பின்னால் பெயர் பெற்ற சங்கதி இதுதான். 'ஒரே மட்டம்' என்று அவர்கள் தங்கள் கட்டுரைக்குப் பெயர் வைத்தார்கள். படிநிலை ஒழிந்துபோனதாக ஒரு தோற்றம். ஒழியவில்லை; பார்வையிலிருந்து மறைக்கப்பட்டது. சமத்துவம் பேசுகிற எத்தனையோ ஏற்பாடுகளில் நாம் பார்த்த விஷயம்தான்.

சரி, மேற்பார்வை நிரல் எதை வைத்துத் தீர்மானிக்கும்? இங்கேதான் முழு விவகாரமும் இருக்கிறது. இடம் நிரம்பிவிட்டது, புதுப் பக்கம் வர வேண்டும், பழசு ஒன்று வெளியே போக வேண்டும். எது? ஐ.பி.எம்.மில் இருந்த பெலாடி 1966இல் சிறந்த விடை என்னவென்று காட்டினார்: இனி எந்தப் பக்கத்தின் தேவை மிகவும் தள்ளி வருமோ அதை அனுப்பு. பிரமாதம். ஆனால் அதற்கு எதிர்காலம் தெரிய வேண்டும். தெரியாது என்பதால் கடந்த காலத்தைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சின்னக் குறி. பக்கம் தொடப்பட்டால் குறி விழும். மேற்பார்வை நிரல் அவ்வப்போது வந்து குறிகளைப் படித்துவிட்டு அழித்துவிட்டுப் போகும். அடுத்த முறை வரும்போது குறி விழாமல் இருக்கிற பக்கம் 'தொடப்படாதது'. அது 'ஆறிப்போன' பக்கம். வெளியேற்றத்துக்கு உரியது. 1968இல் பீட்டர் டென்னிங் இதை இன்னும் ஒழுங்குபடுத்தினார்: ஒரு நிரல் சமீபகாலத்தில் தொட்ட பக்கங்களின் தொகுதிதான் அதன் உழைக்கும் தொகுதி, அதற்கு இடம் இல்லையென்றால் அந்த நிரலை ஓட்டாமல் நிறுத்தி வைப்பதே மேல். இல்லாவிட்டால் வேலை நடக்காது, பக்கங்களை மாற்றி மாற்றித் தூக்கிப் போடுவதிலேயே இயந்திரத்தின் முழு நேரமும் போய்விடும்.

இத்துறையின் சொல்லகராதியைப் பாருங்கள். வெளியேற்றம். பதவியிறக்கம். பதவி உயர்வு. மீட்பு. வெளியேற்றத் தேர்வான பக்கத்துக்குப் பாடப்புத்தகப் பெயர் 'பலி'. லினக்ஸில் இடம் அறவே தீர்ந்துபோனால் ஏதாவது ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்துக் கொல்கிற பகுதிக்குப் பெயரே 'கில்லர்'. தொட்டது, தொடாதது என்று பிரித்துத் தொடாததைத் தூரத்தில் வைக்கிற முறை நம் ஊர்க்காரன் காதில் வேறு மாதிரி விழும். எனக்கும் விழுந்தது. ஆனாலும் இந்த ஒப்புமையை ரொம்ப இழுக்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். பக்கத்துக்கு வலிக்காது. சேரியில் இருப்பவரைத் தொடாததால் அவர் தூரம் வைக்கப்படவில்லை. தூரம் வைப்பதற்காகத்தான் தொடாமை விதிக்கப்பட்டது. காரண காரியம் தலைகீழ். கணினியில் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: தீர்மானிக்கிறவனுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. சமீபத்தில் தொட்டார்களா என்பது மட்டுமே ஆதாரம். மாதம் ஒருமுறை சம்பள நாளன்று மட்டும் தேவைப்படும் பக்கம் மீதி இருபத்தொன்பது நாளும் ஆறிப்போன பக்கம்தான்.

சாவி கைமாறியதை எல்லாரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. கையால் அடுக்குவதுதான் சிக்கனம், இயந்திரம் செய்தால் விரயம் என்ற வாதம் 1960கள் முழுக்க நடந்தது. ஐ.பி.எம்.மின் டேவிட் சேர் 1969இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, கைவேலையை இடம்பெயர்க்கிற அளவுக்குத் தானியங்கி முறை திறமையானதா என்ற கேள்விதான். பதில், ஆமாம் என்பதே. இதே காலத்தில் இங்கே எல்.ஐ.சி. ஊழியர்கள் கணினிக்கு எதிராகப் போராடிக்கொண்டிருந்தார்கள். தானியங்கிமயம் குறித்து தண்டேகர் தலைமையில் அரசு அமைத்த குழு 1972இல் அறிக்கை தந்தது. அங்கே கணினிக்குள் நடந்த விவாதமும் இங்கே கணினிக்கு வெளியே நடந்த விவாதமும் ஒரே சொல்லைச் சுற்றித்தான் நடந்தன. ஒரு வித்தியாசம்: அங்கே கைவேலை போன நிரலாளர் சந்தோஷப்பட்டார்.

1973இல் கிண்டி ஐ.ஐ.டி.க்கு ஜெர்மன் உதவியில் ஐ.பி.எம். 370/155 வந்தது. அந்த மாடல் 1970இல் அறிவிக்கப்பட்டபோது மெய்நிகர் நினைவகம் இல்லாதது. 1972இல் ஐ.பி.எம். அதை 370 வரிசைக்குக் கொண்டுவந்தபோது, ஏற்கெனவே 155 வாங்கியவர்கள் தனியாக ஒரு பெட்டிக்குப் பெரிய விலை கொடுத்தால்தான் உண்டு என்றது. மறுபடியும் அதே தனிப் பெட்டி! ஐ.பி.எம். 1978இல் இந்தியாவை விட்டுப் போனது தனிக் கதை.

*

கன்டெய்னர் வருவதற்கு முன் சென்னைத் துறைமுகத்தில் எந்த ஷெட்டில் எந்தச் சரக்கு என்பது டாலி கிளார்க்கின் நோட்டிலும் மேஸ்திரியின் தலையிலும் இருந்தது. 1983இல் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. 2001இல் தனியார் கைக்குப் போனது. கன்டெய்னர் யார்டில் பிரச்சனை அப்படியே பெலாடியின் பிரச்சனை. பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு ஐந்து அடுக்குவார்கள். அடியில் இருக்கும் பெட்டி வேண்டுமென்றால் மேலே இருப்பதை எல்லாம் தூக்கி நகர்த்த வேண்டும். எது சீக்கிரம் வெளியே போகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அதை மேலே வைக்கலாம். தெரியாது, ஊகம்தான். ஊகிப்பவர் இப்போது டாலி கிளார்க் அல்ல, கட்டுப்பாட்டு அறையில் ஓடுகிற மென்பொருள். ஊகம் தவறும்போது யார் காத்திருப்பது என்பதற்கு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டிலும் மணலி ரோட்டிலும் ராத்திரி பகலாக ட்ரெய்லருக்கு அடியிலேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கிய டிரைவர்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

அதற்கடுத்து 2011. நிலக்கரியும் இரும்புத் தாதும் ராயபுரம், ஜார்ஜ் டவுன் வீடுகளில் கரியாகப் படிகின்றன என்று வழக்கு நடந்து, தூசி பறக்கும் சரக்குகளை இனிச் சென்னைத் துறைமுகத்தில் கையாளக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ராயபுரத்துக்காரர்களுக்கு அது நியாயமான வெற்றி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நிலக்கரி ஒழியவில்லை. வடக்கே இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி எண்ணூருக்கு நகர்ந்தது. நிலக்கரிக்காகவே 2001இல் திறக்கப்பட்ட துறைமுகம் அங்கே தயாராக இருந்தது. நகரத்துக்குப் புதிய அடுக்கு ஒன்று சேர்ந்தால், பழைய அடுக்கிலிருந்து எதை அங்கே இறக்கலாம் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. இடம் விரிவது என்பதன் நடைமுறை அர்த்தம் இதுதான். கணினியிலும் அப்படியே.

*

தனிக் கணினிகளின் காலத்தை வேகமாகத் தாண்டலாம். 640 கிலோபைட் என்ற சுவரை உடைக்க 1985இல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தன. கூடுதல் நினைவகம் அட்டையில் இருக்கும். கணினி 64 கிலோபைட் அகல ஜன்னல் வழியாக அதைத் துண்டு துண்டாக எட்டிப் பார்க்கும். ரிச்சி தெருவில் அந்த அட்டைகளைக் கையாண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1993இல் ஜப்பானில் சுமிட்டோமோ கெமிக்கல் ஆலை வெடித்து, சில்லுகளை மூடும் பிசின் தட்டுப்பாடாகி, உலகம் முழுக்க ரேம் விலை எகிறியதும் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மணலிக்காரர்களுக்கு ஒரு தகவல்: ஞாபகத்தின் விலை ஒரு ரசாயன ஆலையின் பாதுகாப்பில் தொங்கியது.

2015இல் இன்டெலும் மைக்ரானும் ரேமுக்கும் வட்டுக்கும் நடுவில் நிற்கும் ஒரு புதுச் சரக்கை அறிவித்தன. மின்சாரம் போனாலும் மறக்காது. ரேம் இருக்கிற குழியிலேயே சொருகலாம். ரேமைவிடச் சில மடங்கு மெதுவு. ஆப்டேன் என்ற பெயரில் 2019இல் அது சர்வர்களுக்கு வந்தது. 2022 ஜூலையில் இன்டெல் கடையைச் சாத்தியது. தொழில்நுட்பம் தோற்கவில்லை, விற்பனை தோற்றது. ஆனால் அதற்காக லினக்ஸில் எழுதப்பட்ட நிரல் சாகவில்லை. அந்த மெதுவான நினைவகத்தைச் சாதாரண ரேம் மாதிரி கெர்னலிடம் ஒப்படைக்க 2019இல் சேர்க்கப்பட்ட பகுதிதான், அதற்குப் பின் வந்த சிஎக்ஸ்எல் நினைவகத்துக்கும் வாசல் திறக்கிறது.

சிஎக்ஸ்எல் என்பது 2019 மார்ச்சில் முதல் விதிமுறை வெளியான ஓர் இணைப்பு முறை. கிராஃபிக்ஸ் அட்டை சொருகுகிற அதே வகைப் பாதையில் நினைவகத்தைச் சொருகலாம். 2020இல் வந்த இரண்டாம் பதிப்பு, ஒரு பெட்டி நினைவகத்தைப் பல சர்வர்கள் பங்குபோட்டுக்கொள்ள வழி செய்தது. ஐ.பி.எம். 1406க்குப் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ரேமைத் தொட ஏறக்குறைய 100 நானோநொடி ஆகிறதென்றால் இந்தப் பெட்டியைத் தொட இரண்டு மூன்று மடங்கு ஆகும். அட்லஸின் உருளை மாதிரி ஆயிரம் மடங்கு கிடையாது. அதனால் நிரலை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. தூரத்திலிருந்தபடியே படிக்கலாம், கொஞ்சம் தாமதமாக. லினக்ஸ் இதைச் செயலி இல்லாத ஒரு வட்டாரமாகப் பார்க்கிறது. ஊர் இருக்கிறது, நிலம் இருக்கிறது, முடிவெடுக்கிறவர்கள் யாரும் அங்கே குடியில்லை.

ஆக, எந்தப் பக்கம் அங்கே? ஆறிப்போன பக்கங்களை வெளியே வீசாமல் அடுத்த அடுக்குக்கு இறக்குகிற வசதி லினக்ஸ் 5.15இல், 2021இல் வந்தது. அங்கே போனபின் சூடாகிவிட்ட பக்கத்தைத் திரும்ப மேலே ஏற்றுகிற வசதி 5.18இல், 2022இல் வந்தது. இறக்குவது முதலில், ஏற்றுவது பிறகு. எழுதியவர்களுக்கு இதற்குப் பொறியியல் நியாயம் உண்டு: இறக்குவதற்கு அவசரம் இல்லை, ஏற்றுவதற்கு ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரத்தைத் திரட்டுகிற விதம் சுவாரஸ்யமானது. கெர்னல் வேண்டுமென்றே சில பக்கங்களின் வாசலைப் பொய்யாகப் பூட்டி வைக்கும். யாராவது வந்து தட்டினால், சரி, இதற்கு ஆள் இருக்கிறது என்று கணக்கில் எழுதிக்கொண்டு திறந்துவிடும். தட்டுவதற்கு ஆகும் நேரம் தட்டியவர் கணக்கில். கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களுக்கு இந்த இரண்டாவது பதிப்பு வரவேயில்லை.

இன்னொரு நுணுக்கத்தையும் சொல்ல வேண்டும். நினைவகத்தைச் சொருகுவது சுலபம். ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்குவது கஷ்டம். அதில் இருக்கிற பக்கம் ஒவ்வொன்றும் வேறிடத்துக்குப் போனால்தான் பிடுங்க முடியும். பயனாளர் நிரல்களின் பக்கங்களைப் பெரும்பாலும் நகர்த்திவிடலாம். கெர்னல் தனக்காக வைத்துக்கொள்ளும் பக்கங்களில் பலவற்றை நகர்த்த முடியாது. அப்படி ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டால் முழுத் துண்டும் மாட்டிக்கொண்டது. அதனால் பிடுங்கப்படக்கூடிய நினைவகத்தை 'நகர்த்தத் தக்கது' என்று தனி மண்டலமாக அறிவிக்கிறார்கள். அங்கே கெர்னல் தன்னுடைய எதையும் வைக்காது. அதிகாரம் நகராத இடத்தில் இருந்துகொண்டு, நகரக்கூடியவற்றை நகரக்கூடிய மண்டலத்தில் வைக்கிறது. இதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

கெர்னலோடும் இது நிற்கவில்லை. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் 2023இல் வெளியிட்ட 'பாண்ட்' என்ற ஆய்வு, அந்நிறுவனத்தின் மேகக் கணினிகளில் செயலிகள் எல்லாம் வாடகைக்குப் போனபின் ரேமில் 25 சதம் வரை யாருக்கும் பயனின்றித் தனித்துக் கிடப்பதைக் காட்டியது. வாடகைக்கு எடுத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தாம் எடுத்த நினைவகத்தில் பாதியைத் தொடுவதே இல்லை என்றும் அது சொன்னது. தொடமாட்டார்கள் என்று முன்கூட்டியே கணித்து, அந்தப் பங்கைத் தூரத்துப் பொதுக் குளத்திலிருந்து கொடுப்பதுதான் அவர்கள் திட்டம். பெலாடி கேட்ட எதிர்காலத்தைக் கணிப்பு மாதிரிகளிடம் கேட்கிறார்கள். 1401இல் நிரலாளரிடம் இருந்த சாவி, அட்லஸில் மேற்பார்வை நிரலுக்குப் போனது. இப்போது கிடங்கின் சொந்தக்காரரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஆறு பத்தாண்டு எடுத்தது. ஐ.சி.எஃப். சம்பள நிரலை எழுதியவர் தன் 4,000 எழுத்தையும் விரல்விட்டு எண்ணுவார். இன்று திருவொற்றியூரில் உட்கார்ந்து மேகத்தில் ஒரு நிரலை ஓட்டுகிற பையனால் தன் தரவு எந்த அடுக்கில் கிடக்கிறது என்று பெரும்பாலும் சொல்ல முடியாது.

மின்சாரத்தைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. இன்றைய ரேம் இயல்பிலேயே மறதி உள்ளது. வழக்கமாக 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை ஒவ்வொரு வரிசையையும் படித்து மறுபடி எழுதாவிட்டால் தரவு கசிந்துபோகும். யாரும் தொடாத பக்கத்துக்கும் இந்தச் செலவு உண்டு. தமிழ்நாடு அரசு 2021இல் தரவு மையக் கொள்கை வெளியிட்டது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் மையங்கள் வளர்கின்றன. அவற்றுக்குப் போகும் யூனிட் அத்திப்பட்டு அனல் நிலையத்தினுடையதா, காற்றாலையினுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது; கிரிட் ஒன்றுதான். சாம்பல் மட்டும் பிரிந்து கிடக்கிறது. கொசஸ்தலையாற்றில் இறங்கி இறால் பிடிக்கிறவர்களின் காலுக்குக் கீழே.

2024இல் மைக்ரோசாஃப்டும் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட இன்னொரு ஆய்வு, ஓய்வுபெற்ற சர்வர்களிலிருந்து கழற்றிய டிடிஆர்4 ரேம்களைக் குப்பைக்கு அனுப்பாமல் சிஎக்ஸ்எல் அட்டையில் சொருகிப் புது சர்வரில் தூரத்து நினைவகமாக வைத்துக்கொள்ளலாம் என்று காட்டியது. டிடிஆர்5 குழியில் டிடிஆர்4 நுழையாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். அட்டை வழியாகப் போனால் அந்தத் தடை இல்லை. கழற்றிய ரேமைத் துடைத்துச் சோதித்து மறுபடி விற்கிற வேலையை ரிச்சி தெரு முப்பது வருஷத்துக்கு மேலாகச் செய்துகொண்டிருக்கிறது. 2025இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு சர்வர்கள் ரேமை வாரிக்கொண்டு போய் விலை ஏறியபோது பழைய குச்சிகளுக்கும் கிராக்கி வந்தது. ஆனால் அந்த அட்டை இன்னும் சர்வர் உலகத்துச் சரக்குதான். வீட்டுக் கணினியில் அதைச் சொருக வழி கிடையாது.